புகழ் யார் கணக்கில்?

டான்சிங் ரோஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

2021-ல், கொரோனா காலத்தில், பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்குப் போகாமல் நேரே நம் வீட்டு ஹாலுக்கு வந்தது. கதாநாயகன் ஆர்யா. ஜெயிப்பவரும் அவர்தான். ஆனால் மறுநாள் தெருவில் பொடியன்கள் ஆடிக் காட்டியது ஆர்யாவை இல்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, எதிராளியை வா வா என்று சீண்டிக் குதித்துக் குதித்து ஆடினாரே, அந்த ரோஸை. படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம். அதிலும் தோற்றுப் போகிறார். தோற்றவருக்கு ஏன் அத்தனை கைதட்டல்?

பார்க்க இது சினிமாக் கேள்வி. எனக்குக் கணக்குக் கேள்வியாகப் பட்டது. (பி.காம். படித்தவன் புத்தி. எதைப் பார்த்தாலும் பற்றா, வரவா என்றுதான் போகும்.) ஒருவனுக்குப் புகழ் வருகிறது. அது யார் சம்பாதித்தது? யார் பேரில் வரவு வைப்பது?

ரோஸின் ஆட்டத்தைப் பார்த்ததும், குத்துச்சண்டை தெரிந்தவர்களுக்கு ஒரு பெயர் சட்டென்று நாக்கில் வந்திருக்கும். நசீம் ஹமீத். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துப் பையன். அப்பா அம்மா ஏமன் நாட்டிலிருந்து பிழைக்க வந்து மூலைக்கடை வைத்திருந்தவர்கள். அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் பிரெண்டன் இங்கிள் என்ற அயர்லாந்துக்காரர், பொடியன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழு வயதில் அவரிடம் போய்ச் சேர்ந்தான் நசீம். கையைத் தொங்கப் போடுவது, உடம்பை வில்லாக வளைத்துக் குத்தை ஏமாற்றுவது எல்லாம் அந்தப் பட்டறையில் அடித்த சரக்கு.

1995-ல், 21 வயதில், நசீம் உலக சாம்பியன். அதற்கப்புறம் சண்டையைவிட அவர் ரிங்குக்குள் வருகிற வரவைப் பார்க்கவே ஜனம் டிக்கெட் வாங்கியது. மேல் கயிற்றைப் பிடித்து ஒரு குட்டிக்கரணம் போட்டு உள்ளே குதிப்பார். 2000-ல் லண்டனில் ஒரு சண்டைக்குப் பறக்கும் கம்பளத்தில் வந்து இறங்கினார். நம்ம ஊர் ஸ்டார் அறிமுகக் காட்சி எல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. 2001-ல் லாஸ் வேகாஸில் மார்க்கோ அந்தோனியோ பரேரா அவரைத் தோற்கடித்தார். அடுத்த வருஷம் இன்னும் ஒரே ஒரு சண்டை. 28 வயதில் கடையைக் கட்டிவிட்டார்.

ஆனால் என் கணக்குக்கு வேண்டிய வருஷம் 1995-மில்லை, 2001-மில்லை. 1998. அந்த வருஷம்தான் இங்கிளும் நசீமும் பிரிந்தார்கள். பணப் பங்கில் மனத்தாங்கல். ஏழு வயதிலிருந்து கூடவே நின்றவருக்கு எத்தனை சதவீதம் நியாயம் என்ற பேச்சு. இங்கிள் 2018-ல் காலமானார்.

அதே இங்கிலாந்தில் அடுத்து வந்தவர் அமீர் கான். போல்டன் ஊர். குடும்பத்துக்குப் பூர்வீகம் பாகிஸ்தான் பக்கத்து ராவல்பிண்டி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் வெள்ளி. இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஒலிம்பிக்குக்கு பிரிட்டனிலிருந்து போன குத்துச்சண்டை வீரர் அவர் ஒருத்தர்தான். அதாவது, அந்த ஊர் டி.வி.க்காரர்களுக்குக் காட்ட வேறு பையன் இல்லை. இறுதிச் சண்டையில் கியூபாவின் மரியோ கிண்டெலானிடம் தோற்றார். தோற்று ஊர் திரும்பியபோது அவர் ஸ்டார். பார்த்தீர்களா, மறுபடியும் தோற்றவர்!

2008-ல் ப்ரெஸ்காட் என்ற கொலம்பியக்காரர் அவரை 54 விநாடியில் சாய்த்தார். முந்தின நாள் வரை தோளில் தூக்கியவர்கள், 'இவனுக்குத் தாடையே கண்ணாடி' என்று சிரித்தார்கள். அடுத்த வருஷமே அவர் உலக சாம்பியன் ஆனதும் அதே வாய்கள் அதே தோளைத் தேடி வந்தன.

சரி, இங்கிலாந்து போதும். நம்ம பக்கம் வருவோம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து ஐந்து குத்துச்சண்டை வீரர்கள் போனார்கள். ஐந்தில் நான்கு பேர் ஹரியானாவில் பிவானி என்கிற ஒரே ஊரின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள். மாஸ்டர் ஜகதீஷ் சிங். ஐந்து பேரில் மூன்று பேர் காலிறுதிக்குப் போனார்கள். விஜேந்தர் சிங், அகில் குமார், ஜிதேந்தர் குமார்.

அன்றைய தேதியில் இவர்களில் பெரிய பெயர் அகில். காலிறுதிக்கு முந்தின சுற்றில் அவர் தோற்கடித்தது யாரை? ரஷ்யாவின் வோதோப்யானோவை. நடப்பு உலக சாம்பியன். 9-9 என்று புள்ளிகள் சமமாகி, நடுவர்களின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து அகில் ஜெயித்தார் என்று அறிவித்தார்கள். இந்தியாவே எழுந்து நின்ற சண்டை அது. காலிறுதியில் மால்டோவா நாட்டுக்காரரிடம் தோற்றார். ஜிதேந்தர், தாடையில் தையல் போட்டுக்கொண்டு காலிறுதியில் இறங்கினார். அவரும் தோற்றார். விஜேந்தர் ஜெயித்தார்.

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் ஒரு விதி உண்டு. அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்குமே வெண்கலம். ஆகவே காலிறுதியைத் தாண்டினால் பதக்கம் உறுதி. தாண்டாவிட்டால் வெறும் கை. விஜேந்தர் அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கொரியாவிடம் தோற்று, இந்தியாவுக்குக் குத்துச்சண்டையில் முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டு வந்தார். அகிலுக்கும் அவருக்கும் நடுவே ஒரே ஒரு சண்டை. சில ரவுண்டு. அவ்வளவுதான் தூரம்.

அதற்கப்புறம் விஜேந்தர் போன தூரம் வேறே. 2009-ல் மிலன் உலகப் போட்டியில் வெண்கலம், தரவரிசையில் முதலிடம். பத்திரிகை அட்டை, ஃபேஷன் மேடை, விளம்பரம். 2014-ல் ஒரு இந்திப் படத்தில் கதாநாயகன். 2015-ல் தொழில்முறைக்கு மாறி மான்செஸ்டருக்கே போய், லண்டன் விளம்பரதாரர் ஃபிராங்க் வாரனின் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். அமீர் கானை வளர்த்துவிட்ட அதே வாரன். 2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் அரங்கத்தில் கெர்ரி ஹோப்பை ஜெயித்து ஆசிய பசிபிக் பட்டம். 2019-ல் தெற்கு டெல்லியில் காங்கிரஸ் வேட்பாளர், தோல்வி. 2024-ல் பா.ஜ.க. ஒரு ஸ்டார் போக வேண்டிய எல்லா ஸ்டேஷனிலும் இறங்கி ஏறிவிட்டார் மனிதர்.

அப்பா ஹரியானா அரசு பஸ் டிரைவர். அண்ணன் குத்துச்சண்டை ஆடி ராணுவத்தில் வேலை வாங்கியவர். தம்பி ரிங்குக்குள் போனதும் முதலில் புகழுக்காக இல்லை, அரசாங்க வேலைக்காகத்தான். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

இப்போது ஒரு சின்னப் பரீட்சை. தேவராஜன் என்று ஒரு குத்துச்சண்டை வீரர், தெரியுமா?

யோசிக்கிறீர்கள். பரவாயில்லை. சென்னைக்காரர். வெங்கடேசன் தேவராஜன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியவர். அர்ஜுனா விருது பெற்றவர். விஜேந்தர் அப்போது பிவானியில் சின்னப் பையன். கற்பனைப் பாத்திரமான டான்சிங் ரோஸை நமக்குத் தெரிகிறது. நிஜமாக ரத்தம் சிந்திய தேவராஜனைத் தெரியவில்லை. வடசென்னையில் மட்டும் விசாரித்தால் தெரியும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையை மூச்சாக வைத்திருந்த ஊர் அது. 1980-ல் முகமது அலியே மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார் என்றால் சும்மாவா? குத்துச்சண்டைக்கு இங்கே கூட்டம் இருந்தது. ஆனால் 1994-ல் அந்த வெண்கலத்தை ஊதிப் பெரிதாக்க இருபத்துநாலு மணி நேர நியூஸ் சேனல் இல்லை. விளம்பரக் கம்பெனி இல்லை. நாமும் அந்த வருஷம் சச்சினைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

'அதிர்ஷ்டம் சார், வேறென்ன' என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுத் தூங்கலாம். ஆனால் தத்துவக்காரர்கள் அந்த இடத்தில் தூங்கவில்லை.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கர் 1971-ல் நீதியைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அவர் கட்சி இது. பிறவித் திறமை நீ சம்பாதித்தது இல்லை. பிறந்த வீடு, பிறந்த காலம் நீ தேர்ந்தெடுத்தது இல்லை. 'நான் உழைத்தேனே' என்பாய். உழைக்கிற குணமும் பாதி உன் வீடு கொடுத்தது. ஆகவே அதனால் வரும் பலன் முழுக்க எனக்கே என்று நீ மார்தட்ட முடியாது. விஜேந்தரின் கை நீளமும், அவர் பிறந்த பிவானியும், சேனல்கள் பெருகிய 2008-ம் அவர் உண்டாக்கியவையா?

மூன்று வருஷம் கழித்து, அதே ஹார்வர்டில் வேலை பார்த்த ராபர்ட் நோஸிக் பதில் சொன்னார். அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டு வீரரை. கூடைப்பந்து மன்னன் வில்ட் சேம்பர்லைன். பத்து லட்சம் பேர் அவர் ஆட்டத்தைப் பார்க்க ஆளுக்கு 25 சென்ட் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். அவர் கையில் 2,50,000 டாலர். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம் என்றார்.

நான் இந்தச் சண்டைக்கு நடுவராகப் போனால் பணத்தில் நோஸிக் பக்கம் கையைத் தூக்குவேன். டிக்கெட் வாங்கியவன் கொடுத்த காசு, குத்து வாங்கியவனுக்குச் சொந்தம். வரி கட்டட்டும், மிச்சம் அவன் இஷ்டம். ஆனால் புகழ் டிக்கெட் காசு மாதிரி இல்லை. டிக்கெட் காசை மறுநாள் போய்த் திருப்பிக் கேட்க முடியாது. புகழை நாம் தினமும் திருப்பிக் கேட்கிறோம். 54 விநாடியில் அமீர் கானிடம் கேட்டோமே!

பாங்கியில் நாம் போடுகிற டெபாசிட், பாங்கியின் பேலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் வரும்? சொத்துப் பக்கம் என்றுதான் முதல் வருஷ மாணவன் எழுதுவான். வாத்தியார் சிவப்பு மையால் அடிப்பார். அது பொறுப்புப் பக்கம். பாங்கி திருப்பித் தர வேண்டிய கடன். புகழும் அந்தப் பக்கத்துச் சரக்கு என்று நினைக்கிறேன். ஊர் நம்பிப் போட்ட பணம். கேட்ட அன்றைக்குத் தர வேண்டிய பணம். அதைத் தன் முதல் என்று நினைத்துச் செலவு செய்கிற ஸ்டார்கள்தான் ஒருநாள் காலையில் திவால் ஆகிறார்கள்.

இது எனக்குப் பெரிய புத்தகத்திலிருந்து கிடைத்த யோசனை இல்லை. கண்டனூரில் கிடைத்தது.

கண்டனூர் தெரியும்தானே? காரைக்குடிக்குப் பக்கம், புதுவயலை ஒட்டிய ஊர். ப.சிதம்பரத்தின் சொந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்கள் ஓ என்பார்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரைக்கும் ஒரே வீடாக ஓடும் பெரிய பெரிய வீடுகள். முகப்பில் சுதைச் சிற்பம், பர்மாத் தேக்குத் தூண். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள். கட்டியவர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள். ஒரு காலத்தில் ரங்கூனில் அவர்கள் பெயரைச் சொன்னால் பணம் புரண்டது. இன்றைக்கு அந்த வீட்டு முகப்பில் இருக்கிற முதலெழுத்துகள் யாருடையவை என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கேளுங்கள். தெரியாது.

அவர்கள் கடைக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, தன் முதல் வேறு, அடுத்தவர் நம்பிப் போட்ட பணம் வேறு என்று தனித்தனியாக எழுதுவார்கள். இரண்டும் கலக்கக் கூடாது. இன்னொன்று மகமை. கோயிலுக்கும் தர்மத்துக்கும் வியாபாரத்திலிருந்து ஒரு பங்கு. இதில் நுட்பம் என்னவென்றால், மகமை என்பது மனசு இளகுகிற அன்றைக்குக் கொடுக்கிற தானம் இல்லை. கணக்கில் அது ஒரு தலைப்பு. முதலாளிக்கு மூடு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தலைப்பில் ஏறும்.

வள்ளுவர் புகழுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கினார். 24-வது. அதற்கு முந்தின அதிகாரம் எது என்று பாருங்கள். ஈகை. கொடுப்பதைப் பற்றிப் பேசி முடித்த கையோடுதான் புகழுக்கு வருகிறார். இப்போதைய ஆசாமிகள் என்றால் 'வெற்றி' என்றோ 'விடாமுயற்சி' என்றோ ஒரு அதிகாரத்துக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

ஸ்டார் உண்டாக்குவதும் எங்கள் பக்கத்துக்குப் புதுசில்லை. ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். தேவகோட்டை ரோட்டில் ஸ்டூடியோ போட்டு, 1947-ல் 'நாம் இருவர்' எடுத்து வெளியிட்டார். அதே ஏ.வி.எம்.மும் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியாரும் சேர்ந்து 1952-ல் கொண்டு வந்ததுதான் 'பராசக்தி'. ஒல்லியாக இருந்த புதுப் பையன் கணேசனை வைத்து எடுப்பதில் செட்டியாருக்குத் திருப்தி இல்லை என்றும், பெருமாள் முதலியார்தான் இந்தப் பையன்தான் நடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் என்றும் சொல்வார்கள். பையன் சிவாஜி ஆனது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் சிவாஜி வேலூரில் பெருமாள் முதலியார் வீட்டுக்குச் சீர் எடுத்துக்கொண்டு போய் வணங்கிவிட்டு வந்தார். இன்கம்டாக்ஸ் கேட்காத, கோர்ட் உத்தரவு போடாத கடன். தலைப்புப் போட்டு எழுதிவிட்டார்.

இங்கிளையும் நசீமையும் இந்தப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சதவீதத்தில் சண்டை வந்தது. சட்டப்படி யார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சியாளருக்கு அதிகப் பங்கு போகிறது என்று ஒரு வீரன் நினைப்பதில் தப்பும் இல்லை. உதை வாங்குவது அவன் உடம்பு. ஆனால் ஏழு வயதிலிருந்து சொல்லிக் கொடுத்த ஆளின் பாக்கி, சதவீதத்தில் தீருகிற பாக்கியா என்ன?

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்டாரிடம் நாம் கேட்கிற வட்டி அநியாய வட்டி. ஜெயிக்க வேண்டும், ஒழுக்கமாக இருக்க வேண்டும், நாட்டுப்பற்றோடு பேச வேண்டும், நாம் ஓட்டுப் போடுகிற கட்சியிலேயே சேர வேண்டும். விஜேந்தர் கட்சி மாறினால் நமக்குக் கோபம் வருகிறது. பெட்ரோல் போட்ட கணக்கில் டிரைவர் நமக்குக் கல்யாணமும் செய்து வைக்க வேண்டும் என்கிற மாதிரி. கைதட்டினோம், சரி. அதற்காக ஆளையே எழுதி வாங்கிவிட்டோமா?

குத்துச்சண்டையில் இந்தக் கேள்வி மற்ற விளையாட்டைவிடக் கூர்மையாக வரும். கிரிக்கெட்டில் பந்து படுவது விபத்து. இங்கே படுவதுதான் ஆட்டம். அடுத்தவன் மூளை ஒரு கணம் நின்று போவதற்குத்தான் நாம் எழுந்து நின்று கத்துகிறோம்.

1991 செப்டம்பர் 21. லண்டனில் மைக்கேல் வாட்சனும் கிறிஸ் யூபாங்கும் மோதினார்கள். இரண்டு பேருமே அன்றைய பிரிட்டனில் ஸ்டார்கள். அந்தச் சண்டையில் வாட்சனுக்கு மூளையில் ரத்தக் கசிவு. ரிங் ஓரத்திலேயே உயிர் காக்கிற சிகிச்சை தொடங்க ஏற்பாடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நேரம் போய்விட்டது. பல வாரம் கோமா. பல வருஷம் சக்கர நாற்காலி. குத்துச்சண்டை வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். ரிங் ஓரத்து மருத்துவ ஏற்பாடு வாரியத்தின் பொறுப்பு என்று கோர்ட் தீர்ப்பளித்தது. நஷ்டஈட்டில் வாரியம் ஆடிப் போய்விட்டது. 2003-ல் வாட்சன் லண்டன் மாரத்தான் தூரத்தை நடந்து முடித்தார். ஆறு நாள் ஆனது. கடைசியில் அவர் பக்கத்தில் நடந்து வந்தவர் யூபாங்க்.

டெபாசிட் போட்டவர்கள் அன்றைக்கு எங்கே போனார்கள்? டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கான பேரில் யாருக்கும் கோர்ட் சம்மன் அனுப்பவில்லை. அனுப்பவும் முடியாது. ஆனால் ரிங் ஓரத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்காமல் கத்துவதற்கு மட்டும் காசு கொடுத்தவனுக்கு அந்த ஆறு நாள் நடையில் ஒரு காலடி பாக்கிகூடவா இல்லை?

போன பொங்கலுக்குக் கண்டனூர் போயிருந்தேன். டீக்கடையில் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புதுவயல் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். தோளில் உமித்தூசி.

"அண்ணே, நீங்க பத்திரிகைல எழுதுறவகதானே. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நம்ம பய பாக்ஸிங் போறேங்கிறான். பத்தாவது படிக்கிறான். காரைக்குடில ஒரு மாஸ்டர் சொல்லித் தர்றாராம். வீட்ல எந்நேரமும் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு அந்தப் படத்துல வர்ற ரோசு மாதிரி ஆடிக்கிட்டே இருக்கான். அவங்க அம்மா அழுவுறா. விடலாமா, வேணாமா?"

நான் விஜேந்தரைப் பற்றிச் சொன்னேன். பஸ் டிரைவர் மகன், ஒலிம்பிக், சினிமா, மான்செஸ்டர். மரியாதைக்குத் தலையாட்டினார். கண்ணில் ஒரு சலனமும் இல்லை.

"அதெல்லாம் சரிண்ணே. ஜெயிச்சா என்னான்னு எல்லாரும் சொல்றாக. தோத்தா என்னான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாகளே."

ரால்ஸும் நோஸிக்கும் கேட்காத கேள்வி. டீ ஆறிக்கொண்டிருந்தது. அகில் குமாரைப் பற்றிச் சொன்னேன். உலக சாம்பியனை ஜெயித்தவர், பதக்கம் கிடைக்காமல் திரும்பியவர்.

"அவரு என்ன ஆனாரு?"

"ஹரியானா போலீஸ்ல அதிகாரி. டி.எஸ்.பி. வேலை குடுத்தாங்க."

"டி.எஸ்.பி.யா!"

நிமிர்ந்து உட்கார்ந்தார். சினிமாவுக்கும் மான்செஸ்டருக்கும் வராத வெளிச்சம் முகத்தில் வந்தது. தோற்றவனுக்கும் சோறு உண்டு என்பதுதான் அவருக்குச் சேதி. மகன் கண்ணாடியில் பார்க்கிறது ரோஸை. அப்பா பார்க்கிறது பென்ஷனை. பிவானியில் நூறு பையன்கள் கையுறை மாட்டுவதற்கும் அந்த அப்பாக்கள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதற்கும் காரணம் இதுதான். ராணுவம், ரயில்வே, போலீஸ். விளையாட்டு ஒதுக்கீடு என்பது ஒரு விதத்தில் அரசாங்கம் எழுதுகிற மகமை. தோற்றவன் பேரிலும் கொஞ்சம் ஏறுகிறது. எல்லாத் தோற்றவனுக்கும் இல்லை. காலிறுதிவரை போன அகிலுக்கு உண்டு. மாவட்டப் போட்டியில் மூக்குடைந்து திரும்புகிற பையனுக்கு இல்லை. நான் அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

"அப்ப மூக்கு ஒடஞ்சா நம்ம பாடுதானா?"

"மூக்குன்னா பரவால்ல. தலைதான் பாக்கணும்" என்று வாட்சன் கதையைச் சொன்னேன். சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்தேன். அவர் மகன் தலை அது. தெரிந்துகொள்ள அவருக்குத்தான் முதல் உரிமை. போட்டி நடக்கிற இடத்தில் டாக்டர் நிற்பாரா, வண்டி நிற்குமா, தலையில் பலமாக ஒரு குத்து வாங்கினால் எத்தனை நாள் ரிங்குக்குள் விடாமல் வீட்டில் உட்கார வைப்பார், இந்த மூன்றையும் மாஸ்டரிடம் கேளுங்கள், முகம் சுளித்தால் அந்த மாஸ்டர் வேண்டாம் என்றேன்.

சட்டைப் பையிலிருந்து மில் சீட்டு ஒன்றை எடுத்தார். டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி அதன் பின்பக்கம் மூன்றையும் எழுதிக்கொண்டார். எழுத்து எழுத்தாக, நிதானமாக. மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்தக் கையுறை ஒரு சோடி என்ன வெல இருக்கும்ணே?"